ஒரு படி மேலே நிற்பவர்கள்: வாசகர் கேள்வி பதில்

ஐ.டி. நிறுவனம் ஒன்றில் ஒப்பந்த ஊழியராக இருக்கிறேன். எங்கள் அடையாள அட்டைக்கு வேறு நிறக் கயிறு. பெரிய மேனேஜர்கள் சகஜமாகப் பேசுகிறார்கள். போன வருஷம்வரை எங்களோடு ஒப்பந்தத்தில் இருந்து நிரந்தரமானவர்கள்தான் கேண்டீனில் எங்களைப் பார்த்ததும் வேறு மேஜைக்குப் போய்விடுகிறார்கள். இது என்ன வியாதி?
– வாசகர், மேடவாக்கம்

பழைய வியாதிதான். ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் பிங்லி சகோதரிகள் என்று இருவர் வருகிறார்கள். தலைக்கு 20,000 பவுண்டு சொத்து. அது அத்தனையும் வியாபாரத்தில் வந்த பணம். அவர்கள் கூடப் பிறந்தவன் இன்னும் சொந்தமாக எஸ்டேட் வாங்கவில்லை, வாடகை மாளிகையில் இருக்கிறான். ஆனால் கதாநாயகி எலிசபெத்தின் தாய்மாமா லண்டனில் சீப்சைட் பக்கம், தன் கிடங்குகள் கண்ணில் படுகிற தூரத்தில் குடியிருக்கும் வியாபாரி என்று தெரிந்ததும், இந்த இரண்டு பெண்களுக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

அதே நாவலில் டார்சி இருக்கிறார். பரம்பரை நிலச்சுவான்தார், வருஷத்துக்கு 10,000 பவுண்டு வருமானம். அந்தத் தாய்மாமா பின்னொரு நாள் அவருடைய எஸ்டேட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறார். டார்சி அவரோடு கூடவே நடக்கிறார், “இந்தப் பக்கம் இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் வந்து மீன் பிடியுங்கள்” என்கிறார், தூண்டில் சாமான்களும் தருவதாகச் சொல்கிறார், ஓடையில் மீன் எங்கே அதிகம் என்றுகூடக் காட்டிக்கொடுக்கிறார். டார்சியை ரொம்பவும் புகழ வேண்டாம். அதற்குள் எலிசபெத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. முன்பு இதே மனிதர்தான், இப்படி ஓர் உறவு இருந்தால் அந்த வீட்டுப் பெண்களுக்கு நல்ல இடம் கிடைப்பது கஷ்டம் என்று சொன்னவர்.

ஆனாலும் அவரால் தூண்டில் கொடுக்க முடிகிறது, இவர்களால் முடியவில்லை. டார்சியையும் கிடங்குக்காரரையும் ஒரே மூச்சில் யாரும் சேர்த்துப் பேச மாட்டார்கள். பிங்லி சகோதரிகளை அப்படிப் பேசிவிடலாம், இரண்டு நிமிஷம் போதும். சிரித்து வைத்தால்தான் அந்தப் பேச்சு எழாது. உங்கள் கேண்டீன் நண்பர்களுக்கும் இதே கவலைதான். போன வருஷத்துப் புகைப்படத்தில் அவர்கள் கழுத்திலும் உங்கள் நிறக் கயிறுதானே தொங்குகிறது!

நான் வேலை பார்த்த வங்கிக் கிளையில் டீக்கு ஒரு கூட்டுக் கணக்கு உண்டு. காசாளர், தப்தரி, கிளார்க்குகள் எல்லாரும் அதில் பங்கு. எங்களில் ஒருவர் ஸ்கேல் ஒன் ஆபீசராகப் பதவி உயர்ந்தார். மறுவாரமே டீக்கணக்கிலிருந்து விலகிவிட்டார். வீட்டிலிருந்து பிளாஸ்க் வர ஆரம்பித்தது. அதை மூடி வைக்க ஒரு குரோஷா துணிகூட இருந்தது. மண்டல மேலாளர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தால் எங்கள் கணக்கு டீயைத்தான் கேட்டு வாங்கிக் குடிப்பார்.

கயிறு நிறம் உங்கள் கம்பெனியின் கண்டுபிடிப்பும் இல்லை. கூகுளில் நிரந்தர ஊழியருக்கு வெள்ளை பேட்ஜ், ஒப்பந்தக்காரருக்குச் சிவப்பு. 2019இல் வெளிவந்த கணக்குப்படி அங்கே நிரந்தரமானவர்கள் சுமார் 1,02,000 பேர், தற்காலிகமாகவும் ஒப்பந்தத்திலும் இருந்தவர்கள் சுமார் 1,21,000 பேர். சிவப்புதான் மெஜாரிட்டி!

என் அப்பா தையல்காரர். நான் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை செய்கிறேன். அப்பா சாப்பாடு கொண்டுவந்தால் வாசலிலேயே வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறேன். ஆடிட்டர் தங்கமான மனிதர், ஒன்றும் நினைக்க மாட்டார். கூட வேலை செய்யும் ஒருத்தன்தான் கிண்டல் பேர்வழி. அவனுக்காகவே இப்படிச் செய்கிறேன். தப்பு என்று தெரிகிறது, விட முடியவில்லை.
– வாசகர், திண்டுக்கல்

தம்பி, சார்லஸ் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலில் உங்கள் கதையே இருக்கிறது. பிப் என்ற பையனை வளர்த்தவர் அவன் அக்கா கணவர் ஜோ, கொல்லர். யாரோ பணம் கொடுக்க, பிப் லண்டனில் கனவானாகிறான். ஜோ பார்க்க வருகிறார் என்று கடிதம் வந்ததும், காசு கொடுத்துத் தடுக்க முடியுமென்றால் கொடுத்திருப்பேன் என்று பிப்பே சொல்கிறான். ஜோ வருகிறார். இருப்பதிலேயே நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு, தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கணப்புக்கு மேலே வைக்கிறார். அது விழுகிறது. பிடித்து மறுபடி வைக்கிறார், மறுபடி விழுகிறது. தான் தோளில் தூக்கி வளர்த்த பையனை ஒரு தரம் ‘பிப்’ என்கிறார், மறுதரம் ‘சார்’ என்கிறார்.

இதில் ஒரு நுணுக்கம். ஜோவைத் தன் நண்பன் ஹெர்பர்ட் பார்ப்பதில் பிப்புக்கு ஆட்சேபம் இல்லை. ஹெர்பர்ட்டை அவன் மதிக்கிறான். டிரம்மிள் என்ற முரடன் பார்த்துவிடக் கூடாதே என்றுதான் பயம், அவனையோ பிப்புக்கு அறவே பிடிக்காது. நாம் செய்யும் மட்டமான காரியங்களை எல்லாம் நாம் துளியும் மதிக்காத ஆட்களுக்காகவே செய்கிறோம் என்று டிக்கன்ஸ் அந்த இடத்திலேயே எழுதுகிறார். உங்கள் கிண்டல் பேர்வழிக்கு டிரம்மிள் என்று பெயர் வைத்துவிடுங்கள், மனசுக்குள்ளாவது. பிற்பாடு பிப் கடன்பட்டு, காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தபோது, அந்த 123 பவுண்டு சொச்சத்தைச் சத்தமில்லாமல் கட்டிவிட்டுப் போனவர் ஜோ.

டிக்கன்ஸுக்கு இந்தக் கூச்சம் எப்படித் தெரியும் என்றால், 12 வயதில் அவர் லண்டனில் பூட்ஸ் பாலிஷ் தொழிற்சாலையில் வேலை செய்தவர். டப்பாவுக்குக் காகிதம் சுற்றிக் கயிறு கட்டி லேபிள் ஒட்டுவது, வாரத்துக்கு ஆறேழு ஷில்லிங். அப்பா கடனுக்காகச் சிறையில். பாப் ஃபாகின் என்ற பையன்தான் முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுத்தான். ஒருநாள் சிறுவன் டிக்கன்ஸுக்கு உடம்பு முடியவில்லை, வீடுவரை கொண்டுவிடுகிறேன் என்று பாப் கூடவே வருகிறான். சிறை விஷயம் வெளியே வந்துவிடுமே! சவுத்வார்க் பாலத்தருகே யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நின்று, “இதுதான் எங்கள் வீடு” என்று கைகுலுக்கி அனுப்புகிறார். பாப் திரும்பிப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று கதவையும் தட்டுகிறார். கதவைத் திறந்த பெண்மணியிடம், “ராபர்ட் ஃபாகின் வீடு இதுதானா?” என்று கேட்டாராம். இதையெல்லாம் நண்பர் ஃபார்ஸ்டரிடம் மட்டும் சொல்லிவைத்தார். 1870இல் அவர் இறந்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. உதவிய அந்தப் பையனின் பெயரை ‘ஆலிவர் ட்விஸ்ட்’ நாவலில் திருட்டுக் கும்பல் தலைவனுக்கு வைத்தார். இதை மட்டும் என்னால் அவருக்கு மன்னிக்க முடிவதில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவை உள்ளே கூப்பிட்டு ஆடிட்டருக்கு அறிமுகம் செய்து வையுங்கள். ஆடிட்டர் சட்டை தைக்க அளவு கொடுத்தாலும் கொடுப்பார்.

பள்ளித் தோழன் இப்போது பெரிய அதிகாரி. வாட்ஸ்அப் குழுவில் அவனை எல்லாரும் ‘சார்’ என்கிறார்கள். அவன் கேட்கவே இல்லை. நான் மட்டும் ‘டா’ போட்டால் திமிராகத் தெரியுமா?
– வாசகர், திருச்சி

அவர் கேட்கவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் விஷயம். ரஷ்ய எழுத்தாளர் செகாவின் ‘ஒல்லியும் குண்டும்’ கதையில் இரண்டு பால்ய நண்பர்கள் ரயில் நிலையத்தில் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். ஒல்லிக்காரர், மனைவி பிறந்த வீட்டுப் பெருமையிலிருந்து தான் மரத்தில் சிகரெட் பெட்டி செய்து ஒரு ரூபிளுக்கு விற்பதுவரை ஒப்பிக்கிறார். ரஷ்யாவில் மகா பீட்டர் 1722இல் போட்ட பட்டியல்படி அதிகாரிகளுக்கு 14 படிகள், முதல் படிதான் உச்சி. ஒல்லி எட்டாம் படி, குண்டு மூன்றாம் படி. அது தெரிந்த நிமிஷமே ஒல்லிக்காரர் வெளிறிக் கூனிக் குறுகுகிறார். கையிலிருந்த மூட்டை முடிச்சுகள்கூடச் சுருங்குகின்றன. பையன் சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொள்கிறான்.

செகாவ் 1883இல் எழுதியபோது குண்டு மனிதர்தான் ஒல்லிக்காரரின் மேலதிகாரி, அதட்டவும் செய்கிறார். 1886இல் திருத்தியபோது அந்த உறவையே வெட்டிவிட்டார். இப்போது யாரும் அதட்டவில்லை. “இதெல்லாம் எதற்கப்பா” என்று குண்டு மனிதர் அலுத்துக்கொள்கிறார், இவர் நிறுத்துவதாக இல்லை. கதை எழுந்து நின்றது அந்த வெட்டால்தான்.

‘டா’ போடுங்கள். குழுவில் பாதிப் பேர் நிம்மதியாக மூச்சு விடுவார்கள்.

எங்கள் அலுவலகத்தில் ஹவுஸ்கீப்பிங் அம்மாக்களுக்குத் தனி டம்ளர். இதுவும் நீங்கள் சொல்லும் நாவல்களில் வரும் அந்தஸ்துப் பயம்தானா?
– வாசகி, கோவை

இல்லை. பிப் கொல்லுப்பட்டறையை விட்டு வெளியே வந்ததும் அவனைக் கொல்லன் என்று யாரும் ஒதுக்கவில்லை. இங்கே தனி டம்ளர் வேலையைப் பார்த்து வைப்பது இல்லை, சாதியைப் பார்த்து வைப்பது. டீக்கடை இரட்டைக் குவளை உங்கள் அலுவலகப் பான்ட்ரிக்குக் குடிவந்திருக்கிறது. அரசியல் சாசனத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது, 1955இல் அதற்கென்று தண்டனைச் சட்டமும் வந்தது. மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 2013இல் இன்னொரு சட்டம் போட்டும், சாக்கடைக்குள் இறங்கிச் சாகிறவர்கள் யார் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நாளைக்கு அந்தத் தனி டம்ளரை எடுத்து நீங்கள் டீ குடியுங்கள், எல்லார் முன்னாலும். யாராவது முகம் சுளித்தால், ஏன் என்று அவரையே சத்தமாகச் சொல்லவிடுங்கள். தயங்கினால் ஹெச்.ஆருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம்.

எனக்கு ஆங்கிலம் சுமார்தான். நீங்கள் சொல்பவர்களில் யாரை முதலில் படிக்கலாம்?
– வாசகி, காரைக்குடி

செகாவ். அந்தக் கதை மூன்று பக்கம்கூட வராது. அப்புறம் டிக்கன்ஸில் 27ஆவது அத்தியாயம் மட்டும், ஜோ லண்டன் வருவது அதில்தான். காப்புரிமை முடிந்த புத்தகங்கள், இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும். ஆஸ்டினை லீவு நாளுக்கு வையுங்கள். யாருக்கு யார் என்ன உறவு, யாருக்கு எத்தனை பவுண்டு என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு படித்தால் பாதிச் சிரமம் குறையும்.