இரவில் செம்மண் மங்குவது விளக்கால்தான்

நீங்கள் வரைந்த எண்ணெய்ச்சாயப் படத்தில் கை வைக்காதீர்கள், விளக்கை மாற்றுங்கள். அதில் பகலில் சரியாக இருக்கிற செம்மண் பாதை, இரவில் ஆட்கள் பார்க்க வரும்போது மட்டும் சேற்று நிறமாகிறது என்கிறீர்கள். சாயம் அப்படி நேரம் பார்த்து மாறாது.

படம் மாட்டியிருப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில் கடைவீட்டு மாடி என்றால், அநேகமாக மலிவான வெள்ளை எல்இடி குழல் விளக்குதான் மாட்டியிருக்கும். அதில் நீலம் தூக்கலாக இருக்கும், ஆழ்ந்த சிவப்பு குறைவு. படத்தில் உள்ள செம்பனை (எண்ணெய்ப்பனை) மரத்தின் பச்சை ஓரளவு தப்பிக்கும். செம்மண்ணும், பிப்ரவரியில் பழுத்துச் சிவக்கும் ரப்பர் இலையும்தான் அடிவாங்கும்.

சோதிக்க, காலை பத்து மணிக்குப் படத்தைக் கடைமுன் ஐந்தடி நடைபாதையில் நிழலான இடத்தில் வைத்துப் பாருங்கள். இரவில் அதே படத்துக்குப் பக்கத்தில் உங்கள் உள்ளங்கையை நீட்டுங்கள். தோலும் வெளிறித் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். பெட்டியில் சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90க்கு மேல், ஒளியின் நிறம் 4000 முதல் 5000 கெல்வின் என்று போட்ட விளக்காக வாங்குங்கள்.

"என்ன அண்ணே, மழையில நனைஞ்ச மாதிரி இருக்கு" என்று வந்தவர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, நான் இரவோடு இரவாகச் சிவப்பு ஏற்றினேன். காலையில் பாதை செங்கல் சூளை மாதிரி எரிந்தது. அதைச் சுரண்டி எடுத்தபோது அடியில் இருந்த நல்ல வேலையும் போனது. அந்த வலி உங்களுக்கு வேண்டாம்.

ஒன்று கவனியுங்கள்: பகல் வெளிச்சத்திலும் அந்த இடம் பளபளப்பில்லாமல் மங்கினால், அடிப்பூச்சு எண்ணெயை உறிஞ்சியிருக்கிறது. அதற்கு விளக்கு மருந்தாகாது. காய்ந்த பிறகு ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிசாகத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள்.