ஜல்லிக்குக் காசில்லாத நெடுஞ்சாலை

(வாசகர் கேள்விகளுக்கு நெடுஞ்சாலைத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பொறியாளரின் பதில்கள்)

அமெரிக்காவின் குறுக்கே போகும் லிங்கன் நெடுஞ்சாலையை அரசாங்கம் போடவில்லை என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகி, தேனி

தொடங்கியது அரசாங்கம் இல்லை அம்மா, அது உண்மை. கார் முகப்பு விளக்குகளுக்கான கேஸ் விற்றுப் பணக்காரரான கார்ல் ஃபிஷர் 1912இல் இண்டியானாபொலிஸ் நகரில் கார் தொழிலதிபர்களை விருந்துக்கு அழைத்தார். ஒரு கோடி டாலர் நன்கொடை கேட்டார். அந்தப் பணத்தில் ஜல்லி முதலிய பொருள்களை வாங்கிக் கொடுப்போம், வழியில் உள்ள ஊர்க்காரர்கள் ஆளும் கருவியும் கொண்டுவந்து வேலையை முடிக்கட்டும், 1915 சான் ஃபிரான்சிஸ்கோ கண்காட்சிக்குச் சாலை தயாராகிவிடும் என்பது அவர் கணக்கு.

ஹென்றி ஃபோர்டு பணம் தர மறுத்துவிட்டார். தனியார் சாலை போட்டுக் கொடுத்தால், வரிப்பணத்தில் சாலை போடும் எண்ணம் மக்களுக்கு வரவே வராது என்பது அவர் வாதம். இதில் நான் ஃபோர்டின் கட்சி. சாலையை ஒரு தடவை போட்டுவிடலாம். வருடாவருடம் பள்ளம் அடைக்கவும், ஓரத்து வாய்க்காலைத் தூர் எடுக்கவும், பாலத்தைப் பார்த்துக்கொள்ளவும் நன்கொடை வராது.

கோடி சேரவில்லை. பேக்கார்டு கார் நிறுவனத்தின் ஹென்றி ஜாய் தலைமையில் அமைந்த சங்கம், 1913இல் வழித்தடத்தை மட்டும் அறிவித்தது. நியூயார்க் நகரின் டைம்ஸ் சதுக்கத்தில் தொடங்கி பென்சில்வேனியா, ஒஹாயோ, அயோவா, நெப்ராஸ்கா, வயோமிங், யூட்டா, நெவாடா என்று மேற்கே போய் சான் ஃபிரான்சிஸ்கோவில் முடியும் 3,389 மைல். பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த மண் சாலைகளை இணைத்து, கம்பங்களில் சிவப்பு, வெள்ளை, நீலப் பட்டை அடித்ததுதான் நடந்த வேலை.

ஆனால் அடுத்து அவர்கள் செய்த காரியத்துக்கு நான் தலைவணங்குகிறேன். சிமென்ட் கம்பெனிகளிடம் இலவசமாக சிமென்ட் வாங்கி, ஊருக்கு வெளியே, சேறு மோசமாக இருக்கும் இடமாகப் பார்த்து ஒரே ஒரு மைல் கான்கிரீட் போட்டார்கள். பெயர் 'நாற்று மைல்'. முதலாவது 1914இல், இல்லினாய் மாநிலத்தின் மால்ட்டா அருகே. சேற்றில் திணறி வரும் வண்டி ஒரு மைல் சுகமாக உருண்டுவிட்டு மறுபடி சேற்றில் இறங்கும். அப்புறம் அந்த ஊர்க்காரர் தம் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) நிர்வாகத்தைச் சும்மா விடுவாரா? எத்தனையோ மதிப்பீடும் வரைபடமும் போட்டவன் நான். ஓட்டிப் பார்த்த ஒரு மைல் அவற்றைவிட வேகமாக வேலை செய்யும்.

பிறகு எப்படித்தான் முழுச் சாலையும் வந்தது?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

அரசுப் பணத்தில்தான். 1919 ஜூலை 7 அன்று வாஷிங்டனிலிருந்து கிளம்பிய ராணுவ லாரி அணிவகுப்பு, பெரும்பாலும் இதே வழியாகப் போய், 62 நாள் கழித்து சான் ஃபிரான்சிஸ்கோ சேர்ந்தது. மரப்பாலங்கள் கனம் தாங்காமல் உடைய, வீரர்களே செப்பனிட்டபடி போனார்கள். அதில் ஐசன்ஹோவர் என்ற இளம் அதிகாரியும் இருந்தார். அவரே 1956இல் ஜனாதிபதியாக, மாநிலங்களை இணைக்கும் விரைவுச்சாலைச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

யூட்டா பாலைவனத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே ஒரு பகுதிக்கு டயர் நிறுவனமான குட்இயர் பணம் கொடுத்தது. மாநில அரசு பாதியிலேயே வேலையை நிறுத்திவிட்டது. அதற்கு வேண்டியது நெவாடா எல்லையில் உள்ள வெண்டோவர் ஊர் வழியாகப் போகும் வேறு சாலை. கடைசியில் சங்கம்தான் தன் வழித்தடத்தை மாற்றிக்கொண்டது.

சிகாகோவில் இருக்கும் மகனிடம் போகிறேன். அந்தச் சாலையைப் பார்க்க முடியுமா?
– ஒரு வாசகர், கோவை

தாராளமாக. 1926இல் சாலைகளுக்கு எண் வந்தபோது லிங்கன் பெயர் பின்னுக்குப் போனது. பென்சில்வேனியாவிலிருந்து வயோமிங் வரை பெரும்பகுதி 30ஆம் எண் சாலையானது. மால்ட்டா சிகாகோவுக்கு மேற்கே, ஒரே நாளில் போய்த் திரும்பலாம்; இல்லினாய் மாநிலச் சாலை எண் 38இல் போங்கள். கூடுதலாக ஒரு நாள் கிடைத்தால் அயோவாவில் டாமா என்ற ஊருக்குப் போய்விட்டு வாருங்கள். 1915இல் கட்டிய சின்னப் பாலம். அதன் கைப்பிடிச் சுவரே 'லிங்கன் ஹைவே' என்ற கான்கிரீட் எழுத்துகளால் ஆனது. போனிலுள்ள வரைபடம் உங்களை 80ஆம் எண் விரைவுச்சாலைக்கே இழுக்கும். டாமாவுக்கு 30ஆம் எண் சாலையில் போக வேண்டும் என்று மகனிடம் முன்பே சொல்லி வையுங்கள்.