இருமல் மருந்து பாட்டில்ல ரோஸ்மேரி ஆயில்

ஒன்றரை பக்கம் முடி, மாமியார் முட்டி வலி, ஆன்டிஆக்ஸிடன்ட்னு எழுதிட்டு கடைசி வரில தான் விஷயத்துக்கு வர்றீங்க தண்டையார்பேட்டை அம்மா. குன்னூர்ல தைலம் காய்ச்சுற இடத்துல வேலை பாக்குற தம்பி குடுத்தனுப்பின ரோஸ்மேரி ஆயில, போன வாரம் மூணு வயசு பையன் வாயில ஊத்திக்கிட்டான், கொஞ்ச நேரம் இருமினான், இப்ப ஓடி ஆடுறான், பின்னாடி ஃபிட்ஸ் வருமா?

வராதும்மா. வரணும்னா அன்னிக்கே சில மணி நேரத்துல வந்திருக்கும். நிம்மதியா தூங்குங்க.

ஆனா யூடியூப் பாத்து வாய்ல விரல விட்டு வாந்தி எடுக்க வெச்சீங்களே, அது தான் எனக்கு கோவம். தைலம் வயித்துல கிடக்குறத விட வாந்தியோட ஏறி நுரையீரலுக்குள்ள இறங்குறது மோசம். ரோஸ்மேரி ஆயில்ல கற்பூரமும் இருக்கு, நீலகிரி தைலத்துல இருக்குற சினியோலும் இருக்கு, இந்த வயசுக்கு ஒரு டீஸ்பூனே ஜாஸ்தி. முழுங்கிட்டான்னு தெரிஞ்சாலே ஆஸ்பத்திரி தான், அதுலயும் விளையாடிட்டு இருந்த புள்ள திடீர்னு கண்ணு சொருகி மடில சாஞ்சா "பாவம் தூங்கட்டும்"னு விடாதீங்க, பாட்டிலையும் எடுத்துக்கிட்டு கிடைக்கிற ஆட்டோல நேரா ஸ்டான்லி எமர்ஜென்சிக்கு ஓடுங்க.

தைலம் காய்ச்சின அண்டால மிஞ்சுற தண்ணிய மாமியார் முட்டி வலிக்குன்னு தினம் ஒரு டம்ளர் குடிக்கிறாங்களே, அதுல ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்குன்னு தம்பி சொன்னது பாதி உண்மை. ஆவியோட மேல போறது வாசனை எண்ணெய் மட்டும் தான், ரோஸ்மரினிக் ஆசிட்ங்கிற அந்த ஆன்டிஆக்ஸிடன்ட் பறக்காது, வெந்த இலைலயும் அடில மிஞ்சுற தண்ணிலயும் தங்கிடும். ரோஸ்மேரி இலைச் சாரத்தை ஐரோப்பால இ392னு நம்பர் போட்டு, எண்ணெய் சேர்ந்த பண்டம் சிக்கு வாடை அடிக்காம இருக்க சேக்குறாங்க. முறுக்கு கெடாம இருக்குறது வேற, முட்டி தேயாம இருக்குறது வேற இல்லையா? அதுவும் அந்த அண்டாவ யாரும் குடிக்கிறதுக்குன்னு கழுவியிருக்க மாட்டாங்க, அப்புறம் கேன்ல அடைச்சு வெயில்ல பஸ்ல வந்து, திறந்தா புளிச்ச வாடை வருதுன்னு நீங்களே எழுதுறீங்க. சிங்க்ல ஊத்துங்க. வாசனை தான் வேணும்னா ரசத்துல கொத்தமல்லி தூக்கலா போடுங்க.

உங்க முடியா? கைக்குழந்தைக்கு நாலு மாசம்னா பெத்தவளுக்கு கொட்டத்தான் செய்யும், தானா நிக்கும்.

தம்பிக்கு ஒரு போன் போடுங்க. பழைய இருமல் மருந்து பாட்டில்ல ஆயில ஊத்தி அனுப்பினா புள்ள வேற என்னன்னு நெனைப்பான்?