எச்சம் கழுவக் காசு கட்ட வேண்டுமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் என்னைச் சிரிக்க வைத்ததும் யோசிக்க வைத்ததும் ஒரே வரிதான்: “சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவி வைக்காத பெண், லட்சக்கணக்கில் காசு கட்டித் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்ப் பறவை எச்சம் கழுவப்போகிறேன் என்கிறாள். இது படிப்பா, வேலையா, பைத்தியமா?”

படிப்பு என்று சொல்ல முடியாது, மதிப்பெண் எதுவும் தரமாட்டார்கள். வேலை என்றும் சொல்ல முடியாது, சம்பளம் கிடையாது. மூன்றாவதைப் பற்றி நீங்கள் முடிவு செய்வதற்கு முன்னால் அங்கே என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இதை உங்கள் மகளும் படிக்கட்டும். அவள் கைபேசியில் சேர்த்து வைத்திருக்கும் படங்களில் இந்தப் பகுதி இருக்காது.

அவள் விண்ணப்பிக்க நினைக்கும் சான்காப் உண்மையான அமைப்பு. 1968இல் தொடங்கியது. கேப்டவுனை ஒட்டிய டேபிள் வியூவில் அவர்களுடைய கடற்பறவை மருத்துவமனை இருக்கிறது. முன்பு போர்ட் எலிசபெத் என்று அழைக்கப்பட்ட நகரில் இன்னொன்று. 2000 ஜூன் 23 அன்று ‘ட்ரெஷர்’ என்ற சரக்குக் கப்பல், மண்டேலா சிறையிருந்த ராபன் தீவுக்கும் டாசன் தீவுக்கும் நடுவே மூழ்கி எண்ணெய் கசிந்தது. ஏறத்தாழ 19,000 பென்குயின்கள் எண்ணெயில் நனைந்து வந்தன. எண்ணெய் படாத இன்னும் பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் பென்குயின்களைப் பிடித்துப் பல நூறு கிலோமீட்டர் கிழக்கே கொண்டுபோய்க் கடலில் விட்டார்கள். அவை நீந்தி வீடு திரும்புவதற்குள் கடலைச் சுத்தம் செய்துவிடலாம் என்பது கணக்கு. கணக்கு பலித்தது. நனைந்த பறவைகளில் பெரும்பாலானவையும் பிழைத்தன. ஆயிரக்கணக்கான தொண்டர்கள் இல்லாமல் இது நடந்திருக்காது. ஆக, தொண்டர் என்பது அங்கே விருந்தாளியின் பெயர் இல்லை, வேலையாளின் பெயர்.

இப்போது அந்த வேலைக்கு வருகிறேன்.

ஆப்பிரிக்கப் பென்குயின் நம் வீட்டுச் சேவலின் எடைதான் இருக்கும், இரண்டு மூன்று கிலோ. கத்தினால் கழுதை கத்துவது போலிருக்கும். அலகின் நுனி கொக்கி, விளிம்பு கத்தி. அதைத் துண்டால் போர்த்திப் பிடித்து, தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, பின்பக்கமிருந்து தலையைப் பிடித்து, வாயைத் திறந்து மீனைத் தலைப்பக்கமாகத் தள்ள வேண்டும். வால்பக்கமாகத் தள்ளினால் செதிலும் முள்ளும் தொண்டையைக் கிழிக்கும். நலிந்து வந்த பறவைக்கு மீனே ஆகாது. முதலில் குழாய் வழியாக உப்புநீர்க் கரைசல், பிறகு அரைத்த மீன் கூழ், அதன் பிறகுதான் முழு மீன். இதை ஒரு நாளில் பல முறை, பல பறவைகளுக்குச் செய்ய வேண்டும். கையுறை போட்டாலும் கடி விழும்.

எண்ணெய் பட்ட பறவையைப் பார்த்ததும் கழுவத்தான் கை துடிக்கும். அப்படிக் கழுவினால் அது செத்துப்போகும். அதிர்ச்சியிலும் குளிரிலும் இருக்கும் உயிரை முதலில் சூடாக வைத்து, நீர் கொடுத்து, தெம்பு வரும் வரை காத்திருக்க வேண்டும். பிறகுதான் வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும். தலையைச் சுற்றிப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பார்கள். சோப்பின் மிச்சம் துளிகூட இல்லாமல் அலசுவது அதைவிடப் பெரிய வேலை. இறகில் சோப்பு தங்கினால் நீர் உள்ளே புகும். புகுந்தால் கடலில் விறைத்துப்போகும். அதனால் கழுவிய பறவையைக் குளத்தில் நீந்த விட்டு, இறகு நனைகிறதா என்று நாள்தோறும் பார்த்து, எடை பார்த்து, இரத்தம் பார்த்து, அதன் பிறகுதான் கடலுக்கு அனுப்புவார்கள்.

இது மொத்த நேரத்தில் ஒரு பங்குதான். மீதி நேரம் பாய் கழுவுவது, துண்டு துவைப்பது, தரையைத் தேய்ப்பது, மீனை எண்ணிப் பிரிப்பது. கொசுவலை கிழிந்திருக்கிறதா என்றுகூடப் பார்க்க வேண்டும், பென்குயின்களுக்கு மலேரியா வரும். பறவைக் காய்ச்சல் பயம் இருப்பதால் ஒவ்வொரு கூண்டுக்கும் முன்னால் கிருமிநாசினியில் காலை நனைத்துவிட்டுத்தான் போக வேண்டும். மாலையில் திரும்பும்போது அவள் மேல் காசிமேட்டு மீன் ஏலக்கூடத்தின் வாசம் அடிக்கும். நீங்கள் எண்ணூர்க்காரர், அது உங்களுக்குப் பழகியதுதான்.

காசு ஏன் கட்ட வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. புதிதாக வரும் ஒருவர் முதல் சில நாட்களுக்கு உதவி செய்வதைவிட உபத்திரவம்தான் அதிகம் செய்வார். பக்கத்தில் ஒரு ஊழியர் நின்று சொல்லிக் கொடுக்க வேண்டும். அதனால்தான் வெளிநாட்டிலிருந்து வருபவர்களிடம் அவர்கள் குறைந்தது ஆறு வாரம் கேட்கிறார்கள். பதினெட்டு வயதும் ஆகியிருக்க வேண்டும். நன்கொடையில் ஓடும் இடம் அது. பறவைக்கு வாங்கும் மீனுக்கே பணம் பற்றாது. அவள் கட்டுவதைப் பயிற்சிக் கட்டணம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கணினி வகுப்புக்குக் கட்டினால் பைத்தியம் என்று சொல்வீர்களா?

ஆனால் உலகில் விலங்குத் தொண்டு என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கும் இடமெல்லாம் இப்படி இல்லை. என் அச்சம் அங்கேதான். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞன் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க ஆலோசனை கேட்டு என்னிடம் வந்தான். ஒரு முகவர் மூலம் பெரும் தொகை கட்டி, அதே தென்னாப்பிரிக்காவில் ஒரு மாதம் சிங்கக்குட்டிகளுக்குப் புட்டிப்பால் கொடுத்துவிட்டு வந்திருந்தான். தாயில்லாக் குட்டிகள் என்று அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். குட்டிகளுக்கெல்லாம் தாய் எங்கே போனது, வளர்ந்த சிங்கங்கள் எங்கே போகின்றன என்று அவன் கேட்கவில்லை. அந்த நாட்டில் கூண்டில் சிங்கம் வளர்ப்பது ஒரு தொழில். சுற்றுலாப் பயணிகள் தடவிப் பார்க்கக் குட்டி, வளர்ந்த பிறகு வேலிக்குள் வைத்துச் சுட வேட்டைக்காரருக்கு, கடைசியில் எலும்பு வியாபாரிக்கு. அரசு அமைத்த உயர்மட்டக் குழுவே இந்தத் தொழிலை முடிவுக்குக் கொண்டுவரச் சொன்னது. அதை ஏற்பதாக அமைச்சர் 2021 மே மாதத்தில் அறிவித்தார். அவன் எடுத்துவந்த படங்களை விண்ணப்பத்தோடு சேர்க்க வேண்டாம் என்று நான் சொன்னபோது அவன் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை.

எனவே உங்கள் மகள் வேறு எந்த இடத்தைக் காட்டினாலும் இதை மட்டும் பாருங்கள். காட்டு உயிரைக் கட்டிப்பிடித்துப் படம் எடுக்கலாம் என்று விளம்பரம் செய்தால் வேண்டாம். நல்ல மையத்தில் தேவைக்கு மேல் தொடவே விடமாட்டார்கள். மனிதரோடு பழகிவிட்ட பறவை கடலுக்குத் திரும்பினால் பிழைப்பது கடினம். கடந்த ஆண்டு எத்தனை வந்தன, எத்தனை செத்தன, எத்தனையை விட்டீர்கள் என்று கேட்டால் எண்ணிக்கை சொல்ல வேண்டும். சாவே இல்லை என்று சொல்லும் இடத்தை நான் நம்பமாட்டேன்.

படிப்புக்கு இது உதவுமா? இங்கே கொஞ்சம் கசப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. கால்நடை மருத்துவம் கிடைக்காமல்தான் விலங்கியலில் சேர்ந்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். கேப்டவுன் சான்றிதழ் அந்தக் கதவைத் திறக்காது. ஐந்தரை ஆண்டுப் படிப்பான அதற்குத் தமிழ்நாட்டு இடங்களுக்கு பிளஸ் டூ மதிப்பெண், அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு நீட். பென்குயினிடம் வாங்கிய கடியைத் தரவரிசையில் எந்த அதிகாரியும் சேர்க்கமாட்டார். வெளிநாட்டில் வேலை கிடைத்துத் தங்கிவிடலாம் என்று யாராவது ஆசை காட்டியிருந்தால் அதையும் மறந்துவிடுங்கள்.

அவளுக்கு முன்னால் உள்ள வழி வேறு. வனவிலங்கு உயிரியலில் முதுகலை. மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் உதகை அரசு கலைக் கல்லூரியிலும் இருக்கிறது. போட்டிக்குத் தயார் என்றால் டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனமும் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையமும் இருக்கின்றன. அந்த நேர்காணல்களில் ஆறு வாரம் இறகையும் எடையையும் குறித்து வைத்த ஒரு நோட்டுப் புத்தகம் பேசும், பயணம் போய் வந்த பெருமை பேசாது. படித்து முடித்த பிறகும் இந்தத் துறையில் இடங்கள் குறைவு, பல ஒப்பந்தப் பணிகள், தொடக்கச் சம்பளம் உங்கள் பக்கத்து வீட்டு மென்பொருள் பையனுடையதில் பாதிகூட இராது. இதை மறைத்துவிட்டு அவளுக்காக உங்களிடம் பரிந்து பேச என்னால் முடியாது.

ஆனாலும் பரிந்து பேசுகிறேன், ஒரு காரணத்துக்காக. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, கறுத்துப்போன கூழைக்கடாக்களைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று எழுதினீர்களே, அந்தப் பெண்ணுக்கு இந்த ஆசை விளம்பரத்தைப் பார்த்து வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. எண்ணெய் பட்ட பறவையைக் கையாளத் தெரிந்தவர்கள் நம் கடற்கரையில் மிகக் குறைவு. பார்த்தவர்கள் கழுவ ஓடுவார்கள், அல்லது படம் எடுப்பார்கள். சட்டப்படி காட்டுப் பறவையைப் பிடித்து வீட்டில் வைத்து வைத்தியம் பார்க்கவும் முடியாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, வனத்துறை வழியாகத்தான் எதுவும் செய்ய வேண்டும். அடுத்த முறை வனத்துறை ஆள் தேடும்போது, செய்து பழகிய கை ஒன்று இந்த ஊரிலேயே இருக்கும்.

அங்கே அவள் இன்னொன்றையும் பார்ப்பாள். ஆப்பிரிக்கப் பென்குயின் இப்போது 10,000 இணைகளுக்கும் குறைவு. 2024இல் அதை அழிவின் விளிம்பில் இருக்கும் பறவை என்று உலகப் பட்டியலில் சேர்த்தார்கள். முக்கியக் காரணம் பசி. அது தின்னும் மத்தியும் நெத்திலியும் குறைந்துவிட்டன. தொட்டியில் கழுவி மட்டும் இதைத் தீர்க்க முடியாது என்று தெரிந்து, சான்காப்பும் பறவைகள் பாதுகாப்பு அமைப்பு ஒன்றும் சேர்ந்து நீதிமன்றம் போயின. 2025 மார்ச்சில், ஆறு பென்குயின் குடியிருப்புகளைச் சுற்றி விசைப்படகுகள் மத்தி, நெத்திலி பிடிக்கக் கூடாத பகுதிகள் பத்து ஆண்டுகளுக்கு உறுதியாயின. மீன்வளக் கணக்கு, சட்டம், கடல் வரைபடம் என்று இத்தனை தொழில்கள் ஒரு பறவையைச் சுற்றி நிற்கின்றன என்பதை வகுப்பறையில் சொன்னால் அவளுக்குத் தூக்கம்தான் வரும்.

இனி நடைமுறை. டர்பனில் தமிழர்கள் நிறைய இருக்கிறார்கள், பார்த்துக்கொள்வார்கள் என்று உங்கள் தம்பி சொன்னாராம். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழிவந்தவர்கள் இருப்பது உண்மை. ஆனால் டர்பனிலிருந்து கேப்டவுனுக்குச் சாலை வழியாகச் சுமார் 1,600 கிலோமீட்டர். அவசரத்துக்கு யாரும் வந்துவிட முடியாது. கேப்டவுனில் இருட்டிய பிறகு தனியாக நடக்கக் கூடாது, கைபேசியை வெளியே நீட்டிக்கொண்டு போகக் கூடாது. தங்குமிடம் மையத்திலிருந்து எவ்வளவு தூரம், வேலை முடிந்து எப்படித் திரும்புவாள் என்பதை அவர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விசா விண்ணப்பத்தில் தொண்டு என்றே எழுத வேண்டும். எந்த வகை விசா என்று மையத்திடமே கேளுங்கள், முகவரிடம் கேட்காதீர்கள். நைரோபி, அடிஸ் அபாபா வழியாக டிக்கெட் மலிவாகக் கிடைக்கும். அதை வாங்குவதற்கு முன் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை வேண்டுமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அட்டை இல்லாமல் திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்தி வைக்கக்கூடும். டெட்டனஸ் ஊசியும் மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

பணத்துக்கு வளையலை அடகு வைக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். வைக்காதீர்கள். ஆறு வார அனுபவத்துக்காகக் கடன் வாங்குவதை நான் ஒருபோதும் ஆமோதித்ததில்லை. சேமிப்பில் முடிந்தால் போகட்டும், முடியாவிட்டால் இரண்டு ஆண்டு கழித்துத் தன் சம்பளத்தில் போகட்டும். பென்குயின்களுக்கு அப்போதும் ஆள் தேவைப்படும்.

அவள் இப்போதுதான் இரண்டாம் ஆண்டை முடிக்கிறாள். எனவே ஓர் ஆண்டு கையில் இருக்கிறது. இந்த ஓர் ஆண்டும் ஞாயிற்றுக்கிழமைதோறும் சென்னையிலேயே ஒரு விலங்குக் காப்பகத்தில் வேலை செய்யட்டும். வேளச்சேரி ப்ளூ கிராஸ் இருக்கிறது. நாய்க்கூண்டு கழுவச் சொல்வார்கள், கழுவட்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஆமை முட்டை தேடி இரவில் கடற்கரையில் நடக்கும் மாணவர் குழுவோடு நடக்கட்டும். 1988 முதல் நடக்கிறார்கள், காசு எதுவும் வேண்டாம். பல இரவுகள் ஒரு முட்டைகூடக் கிடைக்காமல் காலையில் வெறுங்கையோடு திரும்புவார்கள். மூன்று மாதத்தில் சலித்துப்போனால் உங்கள் பணம் மிச்சம். சலிக்காவிட்டால், இறுதித் தேர்வு முடிவதற்கும் முதுகலைச் சேர்க்கைக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் ஆறு வாரம் பொருந்தும். நம் மே, ஜூன் அங்கே குளிரும் மழையுமான காலம். பெற்றோர்ப் பறவைகள் இறகு உதிர்க்கும் நாட்களில் கடலுக்குப் போய் இரை தேட முடியாமல், குஞ்சுகள் பட்டினியில் வந்து குவிவது ஆண்டின் கடைசி மாதங்களில்தான். அந்தக் கூட்டத்தை அவள் பார்க்க முடியாது. பரவாயில்லை, முதல் முறை போகிறவளுக்குக் கூட்டம் குறைவாக இருப்பதே நல்லது.

இன்று இரவே அந்தத் தட்டிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள், நீங்கள் எழுத வேண்டாம்.