வேலை பார்த்துக்கொண்டே பல்கலைக்கழகப் படிப்பு: கேள்வி பதில்

வயது 43, முழுநேர வேலை. 5 கிரெடிட் பாடம் ஒன்றில் சேர நினைக்கிறேன். வாரம் 2 மணி நேரம் போதும் என்கிறார்கள். போதுமா?

அந்த 2 மணி நேரம் வகுப்புக்கு மட்டும். ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வாசிப்பு, பயிற்சி, தேர்வு எல்லாம் அதில் அடக்கம். 5 கிரெடிட்டுக்கு 125 முதல் 150 மணி. 15 வாரப் பருவம் என்றால் வாரத்துக்கு 8 முதல் 10 மணி. நாட்டுக்கு நாடு இந்தக் கணக்கு மாறும் என்பதால், மொத்த உழைப்பு மணி எவ்வளவு என்று நேராகக் கேளுங்கள். அத்தனையையும் விடுமுறை நாளில் தள்ளி வைக்க வேண்டாம். ஒரு விடுமுறை கைநழுவினால் ஒரு வாரப் பாடமே பாக்கியாகிவிடும். வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு 2 மணி என்று பிரியுங்கள். முதல் பருவத்தில் ஒரு பாடத்துக்கு மேல் எடுக்காதீர்கள்.

திரும்பத் திரும்பப் படித்தாலும் அடுத்த வாரம் மறந்துபோகிறது. வயதுதான் காரணமா?

வயதைவிட, படிக்கும் முறைதான் முதல் சந்தேகத்துக்குரியது. ரோடிகர், கார்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2006-இல் கல்லூரி மாணவர்களிடம் சோதித்தார்கள். ஒரு பத்தியை நான்கு சுற்றும் படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 40 சதவீதம் நினைவிருந்தது. ஒரு சுற்று படித்துவிட்டு, மூன்று சுற்று பார்க்காமல் எழுதியவர்களுக்கு 61 சதவீதம். படித்த ஐந்தாவது நிமிடத்தில் கேட்டபோதோ முதல் கூட்டமே முந்தியது. ‘நன்றாகப் பதிந்துவிட்டது’ என்று நாம் ஏமாறுவது அங்கேதான்.

அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, வெற்றுத்தாளில் 10 நிமிடம் எழுதுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதை வேறு நிற மையில் சேருங்கள். மறுநாளும் ஒரு வாரம் கழித்தும் அந்த வேறு நிறப் பகுதிகளை மட்டும் பார்க்காமல் எழுதிப் பாருங்கள்.

12 ஆண்டுகள் கிடங்குப் பொறுப்பாளராக இருக்கிறேன். அந்த அனுபவத்துக்குக் கிரெடிட் தருவார்களா?

வேலையில் கழித்த ஆண்டுகளுக்குத் தரமாட்டார்கள். அந்த வேலையில் நீங்கள் கற்றதை நிரூபித்தால், முன்கற்றல் அங்கீகாரம் உள்ள இடங்களில் தருவார்கள். பிரான்சில் 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பணி அனுபவத்தை வைத்தே முழுப் பட்டமும் பெறலாம். ஆனால் கோப்பு தயாரித்து நடுவர் குழுவின் முன் பேச வேண்டும்.

எந்தப் பாடத்துக்கு விலக்கு கேட்கிறீர்களோ, அதன் கற்றல் விளைவுகளை, அதாவது பாடம் முடிந்ததும் மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டியவற்றை, வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சான்று வையுங்கள். ‘12 ஆண்டுகள் பொறுப்பில் இருந்தேன்’ என்ற வரியால் ஒரு பயனும் இல்லை. ‘ஏட்டிலுள்ள இருப்புக்கும் எண்ணிய இருப்புக்கும் வித்தியாசம் வந்துகொண்டிருந்தது. வேகமாக நகரும் சரக்கை வாரத்துக்கு ஒருமுறையும் மற்றதை மாதத்துக்கு ஒருமுறையும் எண்ணும்படி மாற்றினேன்’ என்று எழுதி, அப்படிப் பிரித்த காரணத்தைச் சொல்லி, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த எண்ணிக்கைத் தாள்களை இணையுங்கள். நிறுவன ரகசியங்களை மறைத்துவிடுங்கள். மேலாளர் கடிதத்தில் ‘கடின உழைப்பாளி’ என்று இருந்தால் போதாது. நீங்கள் எந்த வேலையை, எப்போதிலிருந்து, யார் மேற்பார்வையும் இல்லாமல் செய்தீர்கள் என்று இருக்க வேண்டும்.

மதிப்பிடுகிறவர் முன் பலர் சறுக்குவது ‘ஏன் அப்படிச் செய்தீர்கள்?’ என்ற கேள்வியில். கை செய்யும்; கோட்பாட்டுப் பெயர் வாயில் வராது. அந்தப் பாடநூலில் உங்கள் வேலையைத் தொடும் இரண்டு அத்தியாயங்களைப் படித்துவிட்டுப் போங்கள்.

மாலை வகுப்பு எடுக்கிறேன். பாதிப் பேர் தூங்கிவழிகிறார்கள். விரிவுரையை விட்டுவிடலாமா?

முழுதாக விட வேண்டியதில்லை. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளைத் தொகுத்த 2014 கட்டுரையில், வெறும் விரிவுரை வகுப்புகளில் தோல்வி ஏறத்தாழ 34 சதவீதம். மாணவர்களை ஈடுபடுத்திய வகுப்புகளில் 22.

ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் வளர்த்த முறையில் தொடங்குங்கள். 15 நிமிடம் பேசிவிட்டு, நான்கு விடைகளோடு ஒரு கேள்வி வையுங்கள். முதலில் ஒவ்வொருவரும் தனியாக, பேசாமல் வாக்களிக்கட்டும். சரியாகச் சொன்னவர்கள் 30 சதவீதத்துக்குக் கீழ் என்றால் மீண்டும் விளக்குங்கள். 70-ஐத் தாண்டினால் அடுத்ததற்குப் போங்கள். நடுவில் இருந்தால் பக்கத்தில் இருப்பவரோடு மூன்று நிமிடம் விவாதிக்கவிட்டு மறுபடி வாக்கு. விவாதத்துக்கு முன் முதல் வாக்கு முடிவைக் காட்டிவிட்டால் எல்லோரும் பெரும்பான்மைப் பக்கம் சாய்வார்கள், காரியம் கெட்டது. கேள்வியில் வைக்கும் தவறான விடைகளை மாணவர்களின் பழைய விடைத்தாள்களிலிருந்து பொறுக்குங்கள். பெயர் தெரியாமல் வாக்களிக்க வழி செய்யுங்கள். வயதில் பெரியவர்கள் கை தூக்கக் கூச்சப்படுவார்கள்.

எல்லா விரிவுரையையும் காணொளியாக இணையத்தில் ஏற்றிவிட்டோம். சேருகிறவர்கள் முடிப்பதில்லையே?

காணொளி ஏற்றுவதைச் சீர்திருத்தம் என்று சொல்ல முடியாது. எம்.ஐ.டி., ஹார்வர்டு இணைந்து நடத்திய எட்எக்ஸ் என்ற இணையத் தளத்தின் பாடங்களில் 2017-18-இல் சேர்ந்தவர்களில் முடித்தது சுமார் 3 சதவீதம். சரிபார்த்த சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களிலேகூட 46 சதவீதம்தான். 1971-இல் முதல் மாணவர்களைச் சேர்த்த பிரிட்டன் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நுழைவுத் தகுதி கேட்கவில்லை. ஆனால் ஒப்படைப்பைத் திருத்தி, குறிப்பு எழுதி அனுப்ப ஆசிரியரை வைத்தது. ஆகவே ஒளிப்பதிவுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியைத் திருத்துகிறவர்களுக்குத் திருப்புங்கள். முதல் பத்து நாளுக்குள் ஒரு பக்க ஒப்படைப்பு, ஒரு வாரத்துக்குள் பதில், காரணம் கேட்காமல் ஒருமுறை கால நீட்டிப்பு. இந்த மூன்றும் இல்லாமல் புதுக் காணொளி எடுக்க வேண்டாம்.

பட்டத்தைச் சின்னச் சின்னச் சான்றிதழாக உடைத்தால் ஆழம் போய்விடாதா?

போகும், எந்தப் பாடத்தையும் எந்த வரிசையிலும் எடுக்கவிட்டால். எதை முடித்தால்தான் எதை எடுக்கலாம் என்ற முன்தேவைப் பாடங்களைக் கறாராக வையுங்கள். கடைசியில் எல்லாவற்றையும் கோக்கும் திட்டப்பணி ஒன்றைக் கட்டாயமாக்குங்கள்.

பழைய கிரெடிட்டை வேறு பல்கலைக்கழகத்தில் சேர்க்க முடியுமா?

சில இடங்களில் கிரெடிட்டுக்குக் காலவரம்பு உண்டு. சேருமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மதிப்பிடுகிறவர் பாடத்தின் தலைப்போடு நிற்காமல் உள்ளடக்கத்தையும் ஒப்பிடுவார். படித்த ஆண்டின் பாடத்திட்டத்தையும் மதிப்பீட்டு முறையையும் அப்போதே பிரதி எடுத்து வையுங்கள். பாடத்திட்டம் மாறிய பிறகு பழையதைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.