டொக்டரைக் கேட்டால் நேர்ஸைத் தருகிறார்கள்

தங்கச்சி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் விளங்கச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். கொக்குவிலில் இருந்து லண்டன் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. கணவருக்கு நீரிழிவு. நாலு வயதில் ஒரு மகன். பக்கத்துச் சர்ஜரியில் (ஜிபி என்கிற குடும்ப டொக்டரின் கிளினிக்கைத்தான் இங்கே அப்படிச் சொல்வது) பதிந்துவிட்டீர்கள். போன் எடுத்தால் ரிசெப்சனில் இருக்கும் பெண் என்ன வருத்தம், எத்தனை நாளாக என்று துருவிக் கேட்கிறார், கடைசியில் டொக்டரைத் தராமல் நேர்ஸிடம் அனுப்புகிறார். "புது ஆட்கள் என்றபடியால் தட்டிக்கழிக்கிறார்களா அக்கா? யாழ்ப்பாணத்தில் என்றால் பின்னேரமே காசு கட்டிச் சனல் பண்ணி ஸ்பெஷலிஸ்டைப் பார்த்திருப்போம். பேசாமல் ஊருக்குப் போய் எல்லாச் செக்கப்பும் செய்துகொண்டு வரவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மாமி வரப்போவதையும் கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள்.

தட்டிக்கழிக்கவில்லை. முப்பது வருடமாக இங்கே இருக்கிற ஆளுக்கும் இதேதான் நடக்கும். ஊரில் வருத்தம் என்றால் நேரே டொக்டரின் கதிரைக்கு முன்னால் போய் இருப்போம். பெரியாஸ்பத்திரி ஓபிடியில் விடியவே வரிசையில் நின்றாலும், பின்னேரம் காசு கட்டி நம்பர் எடுத்தாலும், முடிவில் பார்க்கிறது டொக்டரைத்தான். இங்கே சர்ஜரிக்குள் டொக்டர் பலரில் ஒருவர். பிரஷர் பார்க்க, இரத்தம் எடுக்க ஹெல்த்கெயார் அசிஸ்டன்ட். நீரிழிவு, ஆஸ்மா, தடுப்பூசி, புண்ணுக்கு மருந்து கட்டுவது எல்லாம் நேர்ஸ். மருந்துகளைச் சரிபார்க்க ஒரு பார்மசிஸ்ட், முதுகுவலி, முழங்கால் வலிக்கு ஒரு பிசியோ என்று பல இடங்களில் இருக்கிறார்கள். ரிசெப்சன் பெண் கேட்கிறது வம்புக்கு இல்லை, எந்த அறைக்கு உங்களை அனுப்புவது என்று பிரிக்கத்தான். போனில் சொல்ல விருப்பமில்லாத விசயம் என்றால் "இது தனிப்பட்டது, டொக்டரோடு மட்டும் கதைக்க வேண்டும்" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் கேட்க மாட்டார்கள்.

காசு கட்டாமல் போகிறோம் என்ற கூச்சம் நம்மவர்களுக்கு நிறைய. அதை விட்டுவிடுங்கள். விசாவுக்குக் கட்டும்போதே ஆளுக்கு வருடத்துக்கு 1,035 பவுண் சுகாதாரக் கட்டணம் என்று வாங்கியிருப்பார்கள், பிள்ளைக்கு 776. சிலவகை வேலை விசாக்காரருக்கு அது இல்லை.

முதலில் உங்கள் கணவரின் விசயம், ஏனென்றால் சர்ஜரி உண்மையிலேயே ஊரைவிட நன்றாகச் செய்கிற வேலை அதுதான். "எனக்கு நீரிழிவு இருக்கிறது, டயபெட்டிஸ் கிளினிக்கில் சேர்க்க வேண்டும்" என்று இந்த வார்த்தைகளிலேயே கேட்கச் சொல்லுங்கள். பொதுவாக "ஒருக்கா டொக்டரைப் பார்க்க வேண்டும்" என்று கேட்டால் பத்து நிமிச அப்பொயின்மென்ட் ஒன்று கிடைக்கும், அதில் ஒன்றும் நடக்காது. அந்தக் கிளினிக்கில் சேர்ந்துவிட்டால் வருடத்துக்கு ஒருதரமாவது அவர்களே கூப்பிடுவார்கள்: எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனி), கொலஸ்ட்ரோல், சிறுநீரக இரத்தப் பரிசோதனை, சிறுநீரில் புரதம், பிரஷர், நிறை, கால்.

கால் பார்ப்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆண்கள் அதைத்தான் பகிடியாக எடுப்பார்கள். சப்பாத்து, சொக்ஸ் கழற்றிக் கட்டிலில் இருக்கச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, மீன்பிடி நரம்பு மாதிரி ஒரு மெல்லிய நைலோன் இழையை நேர்ஸ் பெருவிரல் நுனியில், அடிக்காலில் அங்கங்கே அது வளையும் வரை அழுத்துவா. பட்டவுடன் "ஓம்" என்று சொல்ல வேண்டும். அந்த இழை வளைய 10 கிராம் அழுத்தம் தேவை. அதுகூடப் படவில்லை என்றால் நரம்பு பழுதாகத் தொடங்கிவிட்டது, காலில் முள் குத்தினாலும் தெரியாது. பிறகு பாதத்தின் மேலே நாடி பிடித்துப் பார்ப்பா. நீரிழிவில் காலை இழந்தவர்களை நம் ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது தொடங்குகிற இடத்தை இந்த நேர்ஸ் ஒரு இழையை வைத்துக்கொண்டு கண்டுபிடிக்கிறா. ஆகவே "டொக்டர் பார்க்கவில்லை" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம்.

கண் பரிசோதனைக்குச் சர்ஜரியில் இல்லாமல் வேறு இடத்துக்குக் கடிதம் வரும். கண்ணுக்குத் துளி விட்டுப் படம் எடுப்பார்கள். பிறகு சில மணித்தியாலம் பார்வை மங்கலாக இருக்கும், கார் எடுத்துக்கொண்டு போகவே கூடாது.

ஊர் ரிப்போர்ட்டுகளைக் கொண்டுபோனால் அலகு மாறிக் குழம்புவார்கள். ஊரில் சீனி 126 என்று எழுதியிருந்தால் இங்கே அது 7, பதினெட்டால் பிரித்தால் சரி. எச்பிஏ1சி ஊரில் 6.5 சதவீதம் என்றால் இங்கே 48. "ஐயோ 48 ஆம்" என்று அதிர்ச்சி அடைய ஒன்றுமில்லை. மருந்துக்குக் கம்பனிப் பெயரைச் சொல்லாமல் மெட்போமின், லொசாட்டன் என்று மருந்தின் பெயரையே எழுதிக் கொடுங்கள். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கங்களை அம்மாவிடம் சொல்லி வட்ஸ்அப்பில் எடுப்பித்தால் போதும்.

இன்னொன்று, இதைப் பலருக்கு யாருமே சொல்வதில்லை. இங்கிலாந்தில் மருந்துத் துண்டில் எழுதிய ஒவ்வொரு மருந்துக்கும் பார்மசியில் 9.90 பவுண். ஆனால் நீரிழிவுக்குக் குளிசையோ ஊசியோ எடுப்பவருக்கு எல்லா மருந்தும் இலவசம், நீரிழிவோடு சம்பந்தமில்லாத மருந்தும்கூட. தானாக வராது. சர்ஜரியில் எப்பி92ஏ என்ற படிவம் கேட்டு, நிரப்பிக் கொடுத்து, சான்றிதழ் வாங்க வேண்டும். ஐந்து வருடத்துக்குச் செல்லும். தைரொயிட் குறைவுக்குக் குளிசை எடுப்பவர்களுக்கும் இதேதான். சாப்பாட்டால் மட்டும் கட்டுப்படுத்துகிறவருக்குக் கிடையாது. சான்றிதழ் கைக்கு வரமுதல் பார்மசியில் இலவசம் என்று கையெழுத்து வைத்துவிடாதீர்கள், 100 பவுண் வரை தண்டம் வரும்.

மகனுக்கு வருகிறேன். ஊரில் மிட்வைஃப் அம்மா எழுதித் தந்த பிள்ளையின் கிளினிக் கொப்பி இருக்கிறதல்லவா, அதுதான் இங்கே பாஸ்போட்டுக்கு அடுத்தது. அதைக் கொண்டுபோய் "தடுப்பூசி நேர்ஸிடம் ஒரு அப்பொயின்மென்ட்" என்று கேளுங்கள். இலங்கையில் எம்எம்ஆர் (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாத் தடுப்பூசி) ஒன்பதாம் மாதத்திலும் மூன்று வயதிலும் போடுவார்கள். இங்கே ஒரு வயதுக்கு முன்னால் போட்டதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், அதனால் இன்னொன்று போடச் சொல்வார்கள். "எல்லாம் போட்டாயிற்று" என்று சண்டை பிடிக்க வேண்டாம், கூடப் போடுவதால் கெடுதல் இல்லை. குளிர்காலத்தில் சின்னப் பிள்ளைகளுக்குத் ஃப்ளூ காய்ச்சல் வராமல் மூக்கில் அடிக்கும் தடுப்பு மருந்து தருவார்கள். அதில் பன்றி ஜெலட்டின் இருக்கிறது. சைவக்காரர், முஸ்லிம் ஆட்கள் வேண்டாம் என்றால் பதிலுக்கு ஊசி கேட்கலாம்.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போனால் "பரசிட்டமோல் கொடுங்கள்" என்று அனுப்புவதைப் பற்றித்தான் நம் ஆட்கள் அதிகம் குறைசொல்வது. ஊரில் பார்மசிக்காரரே அமொக்சிசிலின் எடுத்துத் தந்து பழகியவர்களுக்கு அது கோபம் வரத்தான் செய்யும். ஆனால் வைரஸ் காய்ச்சலுக்கு அந்த மருந்து ஒன்றும் செய்யாது என்பது யாழ்ப்பாணத்து டொக்டருக்கும் தெரியும், நாங்கள் விடாமல் கேட்டதால் எழுதித் தந்தார். அதே நேரம், பிள்ளை சோர்ந்துபோய்த் தண்ணீரும் குடிக்காமல், எழுப்ப எழும்பாமல் இருந்தால் அப்பொயின்மென்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. நேரே 999. அந்தளவு இல்லை, ஆனால் பயமாக இருக்கிறது என்றால் இரவோ பகலோ 111. இரண்டும் இலவசம், "தமிழ் இன்டர்பிரிட்டர்" என்று இரண்டு சொல் சொன்னாலே ஆள் பிடித்துத் தருவார்கள்.

சின்னச் சின்ன வருத்தங்களுக்குச் சர்ஜரி வேண்டாம், தெருமுனைப் பார்மசியே காணும். 2024 ஜனவரி 31 இல் இருந்து இங்கிலாந்தில் பார்மசிஸ்ட்டே ஏழு வருத்தங்களுக்கு, தேவை என்றால் அன்டிபயோட்டிக் உட்பட, மருந்து தரலாம்: தொண்டை நோ, சைனஸ், பிள்ளைகளின் காதுவலி, பூச்சி கடித்துப் புண்ணானது, தோலில் வரும் இம்பெட்டிகோ, அக்கி, பெண்களின் சலக்கடுப்பு. வயது எல்லைகள் உண்டு, போய்க் கேளுங்கள்.

உங்களைப் பற்றி நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லை தங்கச்சி, நம் பெண்கள் எல்லாரும் அப்படித்தான். 25 வயது தாண்டியிருந்தால் கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கு அழைப்பு வரும், 64 வரை வரும். சர்ஜரியில் நேர்ஸ்தான் செய்வா, ஐந்து நிமிச வேலை. பெண்தான் செய்ய வேண்டும் என்று பதியும்போதே சொல்லலாம், துணைக்கு இன்னொரு பெண் நிற்க வேண்டும் என்றும் கேட்கலாம். ஊரில் சுகவனிதையர் கிளினிக்குக்கு வெட்கத்தில் போகாத எத்தனையோ பேர் இங்கேயும் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுகிறார்கள். எனக்கு அதில் பொறுமை இல்லை. போங்கள். கணவரையோ வளர்ந்த பிள்ளையையோ மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பதியும்போது தமிழ் இன்டர்பிரிட்டர் கேட்டால் சர்ஜரி இலவசமாக ஒழுங்குசெய்யும், நீங்களும் மனம்விட்டுக் கதைக்கலாம். மனச்சோர்வு, பழைய பயங்கள், நித்திரையின்மை என்பதற்கு டொக்டரின் கடிதம்கூட வேண்டாம், கதைத்துக் குணமாக்கும் டோக்கிங் தெரப்பி என்ற சேவைக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம். பிள்ளைத்தாய்ச்சி ஆனாலும் அப்படித்தான், நேரே மிட்வைஃபிடம் பதியலாம்.

சரி, டொக்டர்தான் வேண்டும் என்ற நாள் வந்தால்? காலை எட்டு மணிக்குப் போனில் தொங்குவது ஒரு வழி, "உங்களுக்கு முன்னால் இருபது பேர்" என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டிருக்கும். இப்போது சர்ஜரிகள் காலை எட்டில் இருந்து மாலை ஆறரை வரை இணையத்திலும் விண்ணப்பம் எடுக்க வேண்டும் என்று 2025 ஒக்டோபரில் இருந்து விதி. போனில் தட்டுத்தடுமாறுவதை விட எழுதி அனுப்புவது நமக்கு நல்லது, ஆறுதலாக யோசித்து எழுதலாம். அதில் "உடம்பெல்லாம் நோ" என்று எழுதாதீர்கள். எந்த இடம், எத்தனை நாள், இரவில் எழுப்புகிறதா, எந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்று எழுதுங்கள். உள்ளே போனதும் பெரிய விசயத்தை முதலில் சொல்லுங்கள். நம் ஆட்கள் எட்டு நிமிசம் தடிமனைப் பற்றிக் கதைத்துவிட்டுக் கதவடியில் நின்று "அதோட டொக்டர், நெஞ்சுக்குள்ள ஒரு பிடி" என்பார்கள். இரண்டு மூன்று விசயம் இருந்தால் முன்கூட்டியே இரட்டை அப்பொயின்மென்ட் கேட்கலாம். "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்டால் மரியாதைக்கு "பரவாயில்லை" என்று சொல்லிவிடாதீர்கள், அதை அப்படியே கம்பியூட்டரில் எழுதிவிடுவார்கள்.

ஊருக்குப் போய்ச் செக்கப் செய்வது பற்றி. இரத்தப் பரிசோதனைக்காக டிக்கெட் போடுவது காசுக்குக் கேடு, அதெல்லாம் இங்கே நடக்கும். ஆனால் ஸ்பெஷலிஸ்டிடம் போவதில் உங்கள் கோபம் நியாயம்தான். ஜிபியின் கடிதம் இல்லாமல் போக முடியாது, கடிதம் போனாலும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரும். அந்த இடத்தில் யாழ்ப்பாணம் எங்களைத் தோற்கடிக்கும், ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். புற்றுநோய்ச் சந்தேகம் என்றால் மட்டும் வேறு பாதை, 28 நாளுக்குள் ஆம் இல்லை என்று சொல்லிவிடுவது அவர்களின் இலக்கு. கட்டி, காரணமில்லாமல் மெலிவது, இரத்தம் போவது எதையும் "ஓகஸ்ட்டில் ஊருக்குப் போகும்போது காட்டுவோம்" என்று தள்ளிப்போடாதீர்கள். எப்படியும் விடுமுறைக்குப் போகிறீர்கள், அங்கே ஒரு ஸ்கேன் எடுக்கிறீர்கள் என்றால் அறிக்கையை வாங்கிவந்து சர்ஜரியில் கொடுங்கள். அவர்கள் அதை நம்பித் திரும்பச் செய்யாமல் விடுவார்கள் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

மாமி விசிட் விசாவில் வருகிறார் என்றால் அவரையும் சர்ஜரியில் தற்காலிகமாகப் பதியக் கேட்கலாம். ஜிபியைப் பார்க்கக் காசு இல்லை. அவசரப் பிரிவிலும் பார்த்து அனுப்பும் வரை காசு இல்லை. வார்ட்டில் அனுமதித்தால், அல்லது ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குத் திரும்ப வரச் சொன்னால்தான் கணக்கு ஓடத் தொடங்கும், அதுவும் வழமைச் செலவின் ஒன்றரை மடங்கு. அதனால் வரமுதல் பயணக் காப்புறுதி எடுங்கள், அவருக்கு இருக்கிற பிரஷர், இருதய வருத்தம் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதி எடுங்கள், மறைத்தால் ஒரு சதமும் தரமாட்டார்கள். ஊரில் அரசாங்கக் கிளினிக்கில் வழமையாக ஒரு மாத மருந்துதான் கொடுப்பார்கள். தங்குகிற நாளுக்கு மேலால் இன்னும் இரண்டு கிழமைக்குக் காணக்கூடியதாக மிச்சத்தைப் பார்மசியில் வாங்கி, துண்டோடு சேர்த்துக் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள், சூட்கேசில் வேண்டாம்.