கோராவும் ஐரிஷ் பைப்பும் – கடிதம்

வணக்கம்.

இசை பற்றிய உங்கள் குறிப்பு ஒன்றில் ஆஃப்ரோ கெல்ட் சவுண்ட் சிஸ்டம் என்ற குழுவை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். தேடிக் கேட்டேன். இப்போது வீட்டில் வேறு எதுவும் ஓடுவதில்லை. ஆனால் நண்பர்களிடம் கேட்கக் கொடுத்ததில் வம்புதான் மிச்சம். கர்நாடக சங்கீதம் தவிர எதையும் ஒப்புக்கொள்ளாத ஒருவர், இது வெறும் கலவைச் சரக்கு, ஆப்பிரிக்கர்களிடமிருந்து எடுத்து வெள்ளைக்காரன் விற்றது என்கிறார். இன்னொருவர், ஐரிஷ்காரர்களின் மூதாதையர் எனப்படும் கெல்டியரும் ஆப்பிரிக்கரும் ஆதியில் ஒரே கூட்டம், தோண்டினால் லெமூரியா வரை போகும், அதனால்தான் இரண்டும் ஒட்டுகிறது என்கிறார். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. பதில் சொல்லவும் தெரியவில்லை. இவ்வளவு தள்ளி இருக்கும் இரண்டு இசை எப்படித்தான் ஒட்டுகிறது? அப்புறம், எந்த ஆல்பத்திலிருந்து முறையாகத் தொடங்கலாம்?

கே., கோவை

அன்புள்ள கே.,

லெமூரியாவை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் நண்பர் சொல்வதற்குக் கிட்டத்தட்ட ஒரு கதை அந்தக் குழுவின் தொடக்கத்திலேயே இருக்கிறது. செனகல் பாடகர் பாபா மாலின் ‘ஃபைரின் இன் ஃபூட்டா’ (1994) ஆல்பத்தைத் தயாரித்தவர் சைமன் எமர்சன் என்ற ஆங்கிலேய கிட்டார் கலைஞர். அங்கே காதில் விழுந்த ஒரு மெட்டு, பழைய ஐரிஷ் மெட்டு ஒன்றைப் போலவே இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றியது. லண்டன் திரும்பி, ஐரிஷ் பைப் கலைஞர் டேவி ஸ்பிலேனிடம் இதைச் சொன்னார். கெல்டியர் ஐரோப்பாவுக்கு வருமுன் ஆப்பிரிக்காவிலோ இந்தியாவிலோ திரிந்தவர்கள் என்று ஒரு நம்பிக்கை உண்டே என்றார் ஸ்பிலேன். வரலாற்று ஆதாரம் எதுவும் இதற்குக் கிடையாது. நம்மூரில் இப்படி ஒரு பொறி கிடைத்திருந்தால் நாலு புத்தகமும் ஒரு மாநாடும் வந்திருக்கும். எமர்சன் அந்த வேலைக்குப் போகவில்லை. பாபா மாலின் குழுவிலிருந்து சிலரையும் அயர்லாந்திலிருந்து சிலரையும் கூப்பிட்டு ஒரே அறையில் உட்காரவைத்தார். 1995இல், இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் பாக்ஸ் என்ற சிற்றூரில், ராக் பாடகர் பீட்டர் கேப்ரியலின் ரியல் வேர்ல்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில். அடுத்த வருஷம் ‘வால்யூம் 1: சவுண்ட் மேஜிக்’ வந்தது.

எப்படி ஒட்டுகிறது என்ற உங்கள் கேள்விக்கு ரத்தத்தில் விடை தேடவேண்டாம், வாத்தியங்களில் தேடலாம். கோரா என்பது பாதியாக வெட்டிய பெரிய சுரைக்குடுக்கையில் மாட்டுத்தோல் போர்த்தி, நீண்ட தண்டு செருகி, 21 தந்திகள் கட்டிய மேற்கு ஆப்பிரிக்க வாத்தியம். இரண்டு கட்டைவிரல், இரண்டு ஆள்காட்டி விரல், அவ்வளவுதான் வாசிப்பது. கீழே ஒரு சுழல் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும், அதற்குக் கும்பெங்கோ என்று பெயர். அதன் மேலே விரல் விட்டு ஓடும் அலங்காரங்கள் பிரிமிந்திங்கோ. ஐரிஷ் பைப்பையும் பாருங்கள். அதை உட்கார்ந்துகொண்டுதான் வாசிப்பார்கள். வாயால் ஊதுவதில்லை, முழங்கைக்கடியில் உள்ள துருத்தியால் காற்றை அடைக்கிறார்கள். மெட்டு ஒரு குழலில் போகும், பக்கத்தில் வேறு குழல்கள் ஆதார சுருதியை விடாமல் பிடித்திருக்கும், நாதஸ்வரத்துக்கு ஒத்து இருப்பதுபோல.

ஆக இரண்டு பக்கமும் ஏதோ ஒன்று அடியில் நகராமல் நிற்கிறது. ஒருபுறம் சுழல், மறுபுறம் சுருதி. மேலே ஒற்றை மெட்டு, அதன் மேல் கமகம் மாதிரி நுணுக்கங்கள். பழைய ஐரிஷ் இசையில் பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் மேற்கத்திய ஆர்மனி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அந்தக் குழுவின் பாடகர் இயர்லா ஓ லியோனார்ட் வெஸ்ட் கார்க் பகுதியிலுள்ள கூல் ஏயா கிராமத்துக்காரர். ஷான்–நோஸ் என்கிற, பக்கவாத்தியமே இல்லாமல் ஐரிஷ் மொழியில் பாடும் மரபு அவருடையது. அந்தக் குரலுக்குக் கீழே கோராவை வைத்தால் இடிக்க எதுவுமில்லை.

தாளத்திலும் அப்படித்தான். ஜிக் என்ற ஐரிஷ் நடன மெட்டு ஆறு எண்ணிக்கையில் ஓடுவது. கோராவுக்குச் சொந்தக்காரர்களான மேற்கு ஆப்பிரிக்காவின் மாண்டே மக்களின் இசையிலும் ஆறு, பன்னிரண்டு எண்ணிக்கைகள் ஏராளம். அங்கே ஒரே ஓட்டத்தை ஒருவர் இரண்டாகவும் இன்னொருவர் மூன்றாகவும் எண்ணிக்கொண்டிருப்பார்கள். பௌரான் என்ற ஐரிஷ் கைப்பறை ஒரு கணக்கில் போக, தாமா என்ற ஆப்பிரிக்க மேளம் இன்னொரு கணக்கில் பேசும் இடங்களை முதல் இரண்டு ஆல்பங்களில் தேடிக் கேளுங்கள். தாமா வேறொன்றுமில்லை, கக்கத்தில் இடுக்கிக் கயிற்றை அழுத்தி ஒலியை ஏற்றி இறக்கும் இடைசிறுத்த மேளம். நம் உடுக்கையின் சூத்திரமேதான்.

உங்கள் முதல் நண்பருக்கு ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்யங்களை அவர் ஒப்புக்கொள்வாரா? அதில் ‘வந்தே மீனாக்ஷி’ என்ற பாடல் ‘ரேக்ஸ் ஆஃப் மேலோ’ என்ற ஐரிஷ் மெட்டில் அமைந்தது. மேலோ என்ற ஊர் இருப்பதும் இயர்லாவின் அதே கார்க் மாவட்டத்தில்தான். கம்பெனிக்காரர்களின் பேண்டு வழியாக மெட்ராஸ் வந்து சேர்ந்த மெட்டுக்கு சமஸ்கிருத சாகித்யம் எழுதியவரை யாரும் கலவைக்காரர் என்று சொன்னதில்லை. இன்னொன்றும் சொல்லலாம். ஐரிஷ் மெட்டுகளில் அதிகம் புழங்கும் டோரியன், மிக்சோலிடியன் அடுக்குகளின் ஸ்வரங்கள் முறையே நம் கரகரப்பிரியாவும் ஹரிகாம்போதியும்தான். ராகம் ஒன்று என்று சொல்லவரவில்லை, ஸ்வர வரிசை ஒன்று.

ஆனால் “எடுத்து விற்றது” என்ற குற்றச்சாட்டை அப்படியே தள்ளிவிட முடியாது. ‘வேர்ல்ட் மியூசிக்’ என்ற அலமாரிப் பெயரே 1987இல் லண்டனில் ஒரு பப்பில் கூடிய சில இசைத்தட்டு நிறுவனத்தார், கடையில் எங்கே அடுக்குவது என்று தெரியாத சரக்குக்கு ஒட்டிய சீட்டு. இந்தக் குழுவையும் அந்த அலமாரியில்தான் விற்றார்கள். நான் சந்தேகப்படுவது இன்னும் சின்ன இடத்தில். கோராவின் பழைய சுருதி முறைகளில் சில ஸ்வரங்கள் பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே விழும். பைப்பின் துளைகளை நினைத்தபடி மாற்ற முடியாது, கீபோர்டையும் யாரும் மாற்றப்போவதில்லை. தந்தியை முறுக்கக்கூடியது கோரா மட்டும்தான். ஆகவே ஒவ்வொரு முறையும் வளைந்துகொடுப்பது அதுதான். ஒரு கூட்டு முயற்சியில் யார் யாரிடம் போனார்கள் என்று தெரிய ஒப்பந்தத்தைப் பார்ப்பதைவிட இதைக் கேட்பது மேல்.

இதற்கு மேல் கம்ப்யூட்டர் தாளம் வேறு. தொண்ணூறுகளின் இங்கிலாந்து நடனக்கூடங்களின் சத்தம் அது. முதல் ஆல்பத்தில் புதிதாகவும் துணிச்சலாகவும் இருந்தது. போகப்போக அது ரோடு ரோலராகிவிடுகிறது, இரண்டாகவும் மூன்றாகவும் எண்ணிக்கொண்டிருந்த அந்த நுட்பமான சண்டையை நாலாகத் தட்டித் தீர்த்துவிடுகிறது. 2001இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் பீட்டர் கேப்ரியல், ராபர்ட் பிளான்ட் எல்லாம் விருந்தாளிகள். நல்ல பாடல்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் விருந்தாளிக்கு நாற்காலி போடுவதிலேயே வீட்டுக்காரர்கள் மறைந்துபோகிறார்கள். 2005இன் ‘அனடாமிக்’ எனக்குக் களைப்பான ஆல்பம்.

இவற்றையெல்லாம் மீறி நான் அந்தக் குழுவை விடாமல் கேட்பதற்குக் காரணம் இரண்டாவது ஆல்பம், ‘ரிலீஸ்’ (1999). அதன் வேலை நடந்துகொண்டிருந்தபோது, 1997இல், கீபோர்டு கலைஞர் ஜோ புரூஸ் ஆஸ்துமாவால் திடீரென்று இறந்துபோனார். கிரீம் என்ற ராக் குழுவின் ஜாக் புரூஸின் மகன், இருபதுகளில் இருந்த பையன். குழு கலைந்துவிடும் நிலை. அப்போது ஐரிஷ் பாடகி ஷினேட் ஓ’கானர் வந்து தலைப்புப் பாடலுக்கு வரிகள் எழுதிப் பாடினார். இறந்தவனே மிச்சமிருப்பவர்களிடம் பேசுவதுபோன்ற வரிகள். செனகல், கினி, அயர்லாந்து, இங்கிலாந்து என்று ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்தவர்கள், பொதுவாக அழ ஒரு காரணம் கிடைத்ததும் ஒரு குழுவாகிவிட்டார்கள் என்று அந்த ஆல்பத்தைக் கேட்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். கினியின் கிரியோ (கதையும் வம்சாவளியும் பாடும் பாணர்) பரம்பரையில் வந்த என்ஃபாலி குயாத்தேயின் கோராவும் குரலும் அதில் அலங்காரம் கிடையாது, தூண்.

பிறகு வழக்கமான கதைதான். பெயர் யாருக்குச் சொந்தம் என்ற தகராறில் சில காலம் ஒரே பெயரில் இரண்டு குழுக்கள் இயங்கின, 2015 கடைசியில் அது தீர்ந்தது. 2016இல் ‘தி சோர்ஸ்’. அதில் ஒருவர் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் ராப் பாடுகிறார், கினியின் பெண் குரல்கள் கூட்டமாக எழுகின்றன, ஜானி கல்சியின் டோல் என்ற பஞ்சாபி மேளம் எல்லாவற்றையும் உந்துகிறது. இங்கே கம்ப்யூட்டர் பின்னால் போய்விட்டது, கைகள் முன்னால் வந்துவிட்டன. எமர்சன் 2023 மார்ச்சில் காலமானார்.

என் சுருதிச் சந்தேகத்துக்கு வேறொரு பதிலும் இருக்கிறது, இவர்கள் தந்ததல்ல. வேல்ஸின் ஹார்ப் கலைஞர் கேட்ரின் ஃபிஞ்சும் செனகலின் செக்கு கெய்ட்டாவும் சேர்ந்து வாசித்த ‘கிளிச்சாய் டிபோன்’ (2013). 47 தந்தி ஹார்ப் ஒருபக்கம், கோரா மறுபக்கம். நடுவில் மெஷின் தாளமும் இல்லை, தயாரிப்பாளரின் கைவண்ணமும் பெரிதாக இல்லை. இருவரும் தந்திக்காரர்கள் என்பதால் ஒருவர் மற்றவருக்கு விட்டுக்கொடுப்பது இருபக்கமும் நடக்கிறது. சில நிமிஷத்துக்குப் பிறகு எது யாருடைய விரல் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அடுத்த ஆல்பமான ‘சோர்’ (2018), வேல்ஸில் கூடு கட்டி மேற்கு ஆப்பிரிக்காவுக்கு வலசை போகும் விராலடிப்பான் பருந்தை மையமாக வைத்தது.

தொடங்குவதற்கு: ‘ரிலீஸ்’, அப்புறம் ‘சவுண்ட் மேஜிக்’, அதன்பின் நேராக ‘தி சோர்ஸ்’. நடுவில் உள்ளவற்றை ஆசையிருந்தால் கேளுங்கள். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு தனி ஆல்பங்களைக் கேட்டுவிட்டால் நல்லது. மாலியின் தூமானி ஜபாத்தே தனியாகக் கோரா வாசித்த ‘கைரா’ (1988), இயர்லாவின் ‘தி செவன் ஸ்டெப்ஸ் டு மெர்சி’ (1997). ஒவ்வொருவரும் தன் வீட்டில் எப்படி இருப்பார் என்று தெரிந்தால்தான், அடுத்தவர் வீட்டில் எவ்வளவு கூச்சப்படுகிறார் என்பதும் தெரியும். ‘ரிலீஸ்’ தலைப்புப் பாடலை மட்டும் ஹெட்ஃபோனில் கேளுங்கள், போன் ஸ்பீக்கரில் தாமா காதிலேயே விழாது.